போர்வைக்குள் எரிந்த பல்பு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். பக்கத்து வீட்டு டீச்சரின் பச்சை வாளியும் அப்பாவின் நல்ல கால்சட்டையும்தான் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமா, குட்டிக்கு இருமல் நின்றதா?

சலூனை மூடியபோது அப்பா கண்ணாடிகளை விற்க மனசில்லாமல் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கியது உனக்குத் தெரியும். பிறகு நாலு மாதம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். திடீரென ஒருநாள் அத்தனையையும் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, மொட்டைமாடியில் கிடந்த பழைய டிஷ் ஆன்டெனாவில் ஒட்ட ஆரம்பித்துவிட்டார். வெயிலை ஒரே இடத்தில் குவித்து, அங்கே என் குக்கருக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துத் தொங்கவிட்டு, அதன் ஆவியில் விசிறியைச் சுற்றவைத்து, விசிறியோடு சைக்கிள் டைனமோவைச் சேர்த்து வீட்டுக்கே கரண்ட் எடுக்கப் போகிறாராம். கேட்டால், சூரியன் சும்மாதானே கிடக்குது உனக்கென்ன வலிக்குது என்கிறார். குக்கர் என்னுடையது, வலிக்காதா?

முப்பது வருடம் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்த தலைகளையே பார்த்துப் பழகிய மனுஷன். டிஷ்ஷை ஒருமுறை சரியாகத் திருப்பி வைத்துவிட்டு, சூரியனும் அப்படியே உட்கார்ந்திருக்கும் என்று டீ குடிக்க இறங்கிவிட்டார். சூரியன் என்ன இவரிடம் முடிவெட்டவா வந்தது? அது பாட்டுக்கு நகர்ந்துவிட்டது. பெயிண்ட் படக் கூடாதென்று கழற்றிப் பக்கத்துக் கம்பியில் மாட்டியிருந்த கால்சட்டையில், சரியாக உட்காரும் இடத்தில், வட்டமாக ஓட்டை. அடுத்து, குக்கரில் தண்ணீர் ஊற்றக் கடன் வாங்கிய டீச்சரின் வாளி. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் அது உருகிப் பொக்கைவாய் மாதிரி கோணிக்கொண்டு நிற்கிறது. என் வாளி என்ன பாவம் பண்ணுச்சு என்று டீச்சர் அழாத குறை. அப்பா ரொம்ப மரியாதையாக, இதுல பூச்செடி வைக்கலாமே டீச்சர் என்றார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று.

இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு டிஷ்ஷைத் திருப்புவது நான்தான். அப்பா பழக்கதோஷத்தில் டிஷ்ஷிடமே, கொஞ்சம் இந்தப் பக்கம், போதும், குனியாதீங்க சார் என்கிறார். போன ஞாயிறு ஒருவழியாக விசிறி சுற்றியது. ஆனால் நட்டநடுப் பகலில் டைனமோவில் மாட்டிய பல்பு எரிகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? போர்வையைக் கொண்டுவந்து இரண்டு பேரும் தலையோடு மூடிக்கொண்டு பார்த்தோம். டீச்சர் தன் மாடியிலிருந்து பார்த்து என்ன நினைத்தாரோ போ. பல்பு எரிந்தது. ஒருத்தருக்குச் சவரம் பண்ணும் நேரம்கூட இல்லை, ஆனால் எரிந்தது. எரியுதுடி, எரியுதுடி என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கடை மூடியதிலிருந்து அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். அப்பா பிறந்தநாளுக்கு ரெடிமேட் சோலார் பேனல் அனுப்பப் போவதாகச் சொன்னாயே, தயவுசெய்து அனுப்பாதே கண்ணு. அது வந்து தானாக வேலை செய்ய ஆரம்பித்தால் இவர் மறுபடி சுவர்ப்பக்கம் போய்விடுவார். இருட்டில்கூட நான் இருந்துவிடுவேன், அதை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. ஏதாவது அனுப்பியே தீருவேன் என்றால் ஒரு வாளி அனுப்பு. பச்சையாக இருக்கட்டும், டீச்சர் வேறு நிறம் வாங்கமாட்டாராம்.

இப்படிக்கு,
குக்கரைப் பறிகொடுத்த உன் அம்மா