போல்ட்டு கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, கடைசிவரை படித்தால் உனக்கே தெரியும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டே பேசுவாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் சித்தி வந்து சில நாள் இருந்துவிட்டுப் போனாள், போகும்போது நம் நல்ல குடையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பேக்கரியில் புது அடுப்பு வைத்திருக்கிறார்கள், பட்டனைத் தட்டினால் அதுவே சூடாகி அதுவே அணைந்து மணியும் அடிக்கிறது, எனக்குத்தான் கதவைத் திறந்து முகத்தில் அனல் அடிக்காமல் ரொட்டி வெந்துவிட்டது என்று நம்ப மனம் வரவில்லை. மாவு பிசைய மட்டும் இன்னும் என் கைதான் வேண்டும் என்கிறார்கள், அந்தப் பெருமையில் நாள் ஓடுகிறது.

உன் மோட்டார் சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். யார் கேட்டாலும் விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னாய் அல்லவா, அதற்காகத் தெருக்கோடி மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொட்டகைக்குள் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். இத்தனை காலம் நின்ற வண்டியை ஆயில் மாற்றாமல் உதைக்கவே கூடாது என்றார். சரி என்று ஆயில் வடிக்கிற போல்ட்டில் கை வைத்தார், எஞ்சினுக்கு அடிவயிற்றில் தரையைப் பார்த்தபடி இருக்குமே அதுதான். அது அசையவே இல்லை. "துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சுண்ணே, கடைக்குத் தள்ளிட்டு வாங்க, உளி வச்சுப் பாக்கலாம், உள்ள மரை போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூட்டை மூட்டையாக மாவு பிசைந்த கைக்கு ஒரு சின்ன போல்ட்டு அடங்காதா என்று மறுநாள் காலையில் நானே உட்கார்ந்தேன். இருக்கிற ரிங் ஸ்பானரைப் போட்டு, அது போதாதென்று ஜன்னல் திரை மாட்டுகிற குழாயைக் கழற்றி ஸ்பானரின் வாலில் செருகி, வண்டிமேல் சாய்ந்துகொண்டு மூச்சைப் பிடித்து இழுத்தேன். போல்ட்டு அசையவில்லை, குழாய்தான் வளைந்தது. இப்போது நம் முன்னறை ஜன்னலில் திரை இல்லை, எதிர்வீட்டுக்காரர்கள் நாங்கள் சாப்பிடுவதையெல்லாம் பார்க்கிறார்கள்.

சத்தம் கேட்டு அம்மா கொட்டகைக்கு வந்தாள். அவள் வந்ததே எனக்கு ஆச்சரியம். அவளுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ லீவு போட்டு ஓடி வந்தாயே, அப்போது பார்த்த அதே ஒடுங்கிப்போன அம்மாதான் போன வாரம்வரைக்கும். நடை வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது, வலது கை தூக்கச் சொன்னால் தூக்குகிறது, மடக்கச் சொன்னால் மடக்குகிறது, ஆனால் விரல்களில் உணர்ச்சி மட்டும் இல்லை. "கை அசையுது, துணிதான் தெரியல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அதோடு தையல் மெஷின்மேல் போர்வையைப் போர்த்தி, அதன்மேல் பழைய தலையணை, பை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் அடுக்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் விரலைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்பார்கள், அவள் இமை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டுத் தெரிகிறது என்பாள். நர்சுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யாரும் எதுவும் சொல்வதில்லை. வாசலில் யாராவது துணியோடு வந்து நின்றால் அம்மா தூங்குகிறாள் என்று நான்தான் பொய் சொல்லி அனுப்புவேன், உள்ளே அவள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படிப்பட்டவள் கொட்டகை வாசலில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று கேட்டாள். இடப்பக்கம்தான், கழற்றுவதென்றால் இடப்பக்கம் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றேன். "நீங்க மேல இருந்து பாக்கறீங்க. போல்ட்டு கீழ பாத்துக்கிட்டு இருக்கு" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் பாயைத் தரையில் விரித்து, புடவையை இழுத்துச் செருகி, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் நான் காலையிலிருந்து வலப்பக்கம் திருப்பியிருக்கிறேன், அதாவது கழற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்து இறுக்கியிருக்கிறேன்! ஆயுசு முழுக்கத் துணியை உள்பக்கம் திருப்பிப்போட்டே தைத்தவளுக்கு அது ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. நான் ஸ்பானரைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள், அடக்கினாள் என்பதைவிட அடக்குவது போல எனக்குக் காட்டினாள் என்பதுதான் சரி.

அன்றிலிருந்து கொட்டகை அவள் கைக்குப் போய்விட்டது, நான் எடுபிடி. துணிக்கரையில் நீளமாக ஒரு பட்டை கிழிக்கச் சொன்னாள், அதைத் துரு இளக்குகிற எண்ணெயில் நனைத்து, போல்ட்டின் தலையைச் சுற்றி இடது கையாலும் பல்லாலும் கட்டினாள். எண்ணெயை ஊற்றினால் கீழேதான் சொட்டும், துணியில் ஊறினால் மெல்ல மேலே ஏறி மரையின் புரி இடுக்குக்குள் போகும் என்றாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். தினமும் காலையில் பட்டையை நனைப்போம், சுத்தியலால் போல்ட்டின் தலையில் பொட்டுப் பொட்டென்று தட்டுவோம், பெட்ரோல் வண்டிப் பக்கம் நெருப்பு கூடாது என்று வெந்நீரில் பிழிந்த துணியால் சுற்றிலும் ஒத்தடம் கொடுப்போம். நான் ஸ்பானரை எடுத்தால் போதும், கையைத் தட்டிவிடுவாள். "அவசரப்பட்டா தையல் பிரியாது, துணிதான் கிழியும்" என்பாள். பிடித்துக்கொண்ட போல்ட்டை முதலில் ஒரு இழை இறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்த வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதை அவளிடம் சொன்னேன், அந்த வேலையைத்தான் நீங்கள் முன்கூட்டியே முடித்துவிட்டீர்களே என்றாள். எத்தனை மாதம் கழித்து அவள் என்னைக் கிண்டல் செய்தாள் தெரியுமா, அதற்காகவே அந்தப் போல்ட்டு இன்னும் கொஞ்ச நாள் பிடிவாதம் பிடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

நேற்றுக் காலை இனி இழுத்துப் பார்க்கலாம் என்றாள். நான் வெளியே ஸ்பானரையும் வளைந்த குழாயையும் பிடித்துக்கொண்டேன், இந்தத் தடவை சரியான பக்கம். அவள் அடியில் படுத்து இடது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பானர் வழுக்கிப் போல்ட்டின் முனை மழுங்கிவிடக் கூடாதே, அதைக் கவனிக்க ஒரு கை வேண்டும், மிச்சம் இருந்தது வலது கைதான். யோசிக்காமல் அதை நீட்டி, விரல்நுனி பாதி போல்ட்டின்மேலும் பாதி எஞ்சின்மேலும் இருக்கிற மாதிரி வைத்தாள். நான் மெல்ல மெல்லப் பாரத்தை ஏற்றினேன். "நிறுத்துங்க" என்றாள். வழுக்கிவிட்டதா என்றேன். "இல்ல, அசைஞ்சுது" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, சத்தம்கூட வரவில்லையே என்றேன். "எனக்குத் தெரிஞ்சுதுங்க. விரல்ல தெரிஞ்சுது" என்றாள்.

அவள் விரலை எடுக்கவும் இல்லை, நான் குழாயை விடவும் இல்லை. மகளே, என் இரண்டு கைக்கும் எட்டாத ஒரு நூலிழை அசைவு, பஞ்சும் ஊசியும் தெரியாத அந்த விரலுக்கு எட்டியிருக்கிறது. குனிந்து பார்த்தேன், டார்ச்சை அணைத்துவிட்டுக் கண்ணை இறுக்க மூடியிருந்தாள். இன்னொரு தடவை இழுங்கள் என்றாள். இழுத்தேன். "இப்ப" என்றாள். மறுபடி இழுத்தேன், "இப்ப". எனக்கு நம்பத்தான் ஆசை, ஆனால் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்து பயமாகவும் இருந்தது, அதனால் அடுத்த தடவை இழுக்காமல் மூச்சைப் பிடித்து முக்க மட்டும் செய்தேன். "இப்ப" வரவில்லை. பிறகு, "இழுக்கிற மாதிரி நடிக்காதீங்க, ஒழுங்கா இழுங்க" என்றாள்.

ஒழுங்காக இழுத்தேன். கிரீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், விட்டுவிட்டது. மிச்சத்தை அவளே அந்த வலது கையால் திருகித் திருகிக் கழற்றினாள், நடுவில் நழுவ நழுவத் திரும்பப் பிடித்தாள், என்னைத் தொடவே விடவில்லை. சட்டியை வைக்க எனக்குப் புத்தி வருவதற்குள் கறுப்பு ஆயில் அவள் முழங்கைவரை வழிந்துவிட்டது. அவள் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், வழவழப்பாக இருக்கிறது, நடுவில் மணல் மாதிரி ஏதோ நெருடுகிறது என்றாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த இரண்டு விரலிலும் உணர்ச்சி திரும்புகிறது, மற்றதற்கு நாளாகும், முழுதாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். நர்ஸ் பஞ்சால் தொட்டபோது அம்மா முகத்தை நன்றாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மெஷின்மேல் போட்ட போர்வையை இன்னும் எடுக்கவில்லை, ஆனால் இன்று காலை எழுந்து பார்த்தால் அதன்மேல் இருந்த பெட்டியும் தலையணையும் பரணுக்குப் போயிருந்தன.

அதனால் வண்டியை விற்கிற பேச்சை இனி எடுக்காதே. பின்சக்கரத்து நட்டு, செயின் கவசத்துத் திருகாணி, இன்னும் பெயர் தெரியாதது எத்தனையோ துருப்பிடித்து அவளுக்காகக் காத்திருக்கின்றன, அத்தனைக்கும் துணிப்பட்டை கட்டி ஊற வைத்திருக்கிறாள், வண்டியைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். நீ உடம்பைப் பார்த்துக்கொள், காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, ராத்திரி அதிகம் கண் விழிக்காதே. நீ தொட்டதெல்லாம் துலங்கி, நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. வரும்போது நல்ல ரிங் ஸ்பானர் செட் ஒன்று வாங்கி வா, மறக்காதே, எனக்கு இல்லை, அம்மாவுக்கு. கீழே கோணல்மாணலாக இருப்பதை நான் எழுதவில்லை, ஆயில் கறையும் என்னுடையது இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா

போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது இவரை இறுக்க விட மாட்டேன். வலது கையால், அம்மா.