மெதுவாக வலம், மெதுவாக இடம்

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

கழுத்து திரும்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஃபோனில் சொல்லலாம், ஆனால் சின்னவன் வீட்டில் கூடத்தில் நின்றுதான் பேச வேண்டும், எல்லார் காதிலும் விழும்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில். வலக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல மெதுவாகத் திரும்பி, ஐந்து மூச்சு இருங்கள். பிறகு இடக் கண்ணாடி. முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு வேறு உதாரணம் எதற்கு? அப்புறம் காதைத் தோள் பக்கம் சாய்த்துப் பாருங்கள். தோள் காதைத் தேடி மேலே வரக் கூடாது. வலித்தால் நிறுத்திவிடுங்கள். எந்த மாணவனையும் நான் அவசரப்படுத்தியதில்லை. கழுத்தையும் அப்படியே நடத்துங்கள்.

இரட்டைப் பேத்திகளில் ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி எழுந்துவிடுகிறாள்.

உங்கள் டீச்சரம்மா

மார்ச் 9

டீச்சரம்மாவுக்கு,

செய்தேன். வலப்பக்கம் ஃப்ரிட்ஜ், இடப்பக்கம் சுவர். பார்க்க அவ்வளவுதான். ஃப்ரிட்ஜையே பார்த்தேனாம், மருமகள், "என்ன மாமா, பசிக்குதா?" என்றாள். காது தோளுக்குப் போகும் வழியில் பிரேக்டவுன்.

சோபாவின் கைப்பிடி தலைக்குக் கொஞ்சம் உயரம், அதனால்தான். பேரனுக்குப் பரீட்சை; அறை அவனுக்கு வேண்டும்.

உன் டிரைவர்

மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

விடைத்தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியதைத்தான் நான் முதலில் படிப்பேன். எத்தனை மாதமாகச் சோபாவில் படுக்கிறீர்கள்?

ஒரு வருடத்துக்கு என்றுதான் பிள்ளைகள் நம்மைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாமும் தலையாட்டி பொம்மை மாதிரி ஆட்டினோம். மாதக் கடைசியில் நம் வீடு காலியாகிறது. மறுபடி வாடகைக்கு விடலாமா என்று பெரியவன் கேட்பான்; வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. அப்போது அந்த வலம்-இடப் பயிற்சியைச் செய்யுங்கள். அதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு.

உங்கள் டீச்சரம்மா

மார்ச் 23

டீச்சரம்மாவுக்கு,

சாப்பிடும்போது கேட்டான். மூன்று தடவை திருப்பினேன். "எக்சர்சைஸ் அப்புறம் பண்ணுங்கப்பா, முதல்ல பதில் சொல்லுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பிறகு வாயைத் திறந்தேன். "சரிப்பா" என்று வந்துவிட்டது.

திட்டாதே.

உன் டிரைவர்

மார்ச் 27

அன்புள்ள உங்களுக்கு,

திட்டவில்லை. "அப்பா சரின்னுட்டாரும்மா" என்று சின்னவன் சொன்னபோது நான் மட்டும் என்ன செய்தேன்? மடியில் குழந்தை. தலையாட்டினேன்.

ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவரா நீங்கள்? ஒன்றுதான், அதற்குக் கழுத்து முழுதாகத் திரும்ப வேண்டும். பயிற்சியை விடாதீர்கள்.

உங்கள் டீச்சரம்மா

ஏப்ரல் 6

டீச்சரம்மாவுக்கு,

பெரியவன் பேனாவை நீட்டினான். மூடியைப் போட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். "யாரைக் கேட்டு இப்படிப் பண்றீங்க?" என்றான். "கழுத்தைக் கேட்டு" என்றேன்.

நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். வலப்பக்கம் திரும்பினால் ஜன்னல். இடப்பக்கம் திரும்பினால் உன் நாற்காலி. ஐந்து மூச்சு வரை பார்க்கிறேன். சில நாள் எண்ணிக்கை தவறிவிடுகிறது.

என் பாடம் முடிந்தது. இனி கழுத்தைத் திருப்ப வேண்டியது நீ.

உன் டிரைவர்