சுதாவின் குரல் இருக்கும் டிஸ்க்

அத்தை,

டிஸ்க் பிளேயரை மாற்ற கள்ளக்குறிச்சி போகிறேன். ரசம் அடுப்பில் இருக்கிறது. சாவி மீட்டர் பெட்டி மேல்.

பிளேயரில் சுதாவின் குரல் வராததற்கு டிஸ்க் கெட்டது காரணமில்லை. விலை குறைந்த பிளேயர், எம்பி3 மட்டும்தான் பாடும். டிஸ்க்கில் இருப்பது அவள் போனில் பேசிப் பதிந்தது, வேறு ஃபார்மட். அட்டைப்பெட்டியைப் படிக்காமல் வாங்கிவிட்டேன்.

"எம் பொண்ணு கொரல எனக்குக் காட்டாம வச்சிக்கினு இருக்கீங்களே மாப்ள" என்றீர்கள். அவள் கண்மூடியபிறகு நானும் அதைக் கேட்கவில்லை, அத்தை.

இந்த முறை டிஸ்க்கைக் கடையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். கடைக்காரர் கேட்டுச் சொல்லட்டும். நான் வெளியே நிற்கிறேன்.

பி.கு.: பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்தேன். கடையில் யார் யாரோ அவள் பேச்சைக் கேட்க வேண்டாம். ஹெட்போனை எடுத்துக்கொண்டேன். நானே கேட்கிறேன்.