நேட்டாலில் இருப்பவருக்கு

மிஷன் வளவு, ஸ்ரீவில்லிபுத்தூர்
1900, ஏப்ரல் மாதம்

சுகிர்தத்தின் அப்பா அவர்களுக்கு,

கர்த்தருடைய சமாதானத்தைச் சொல்லி கிருபாபாய் எழுதுவது. நானும் பிள்ளையும் உங்கள் அம்மாவும் சுகம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்பதுதான் வழக்கம். இந்தத் தடவை, நீங்கள் இருக்கிறீர்களா என்றே கேட்க வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். மாசி மாதம் நம் குருவானவர் பாளையங்கோட்டைக்குச் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கியதும் நேரே நம் வீட்டுக்கு வந்தார். "மனசைத் திடப்படுத்திக்கோம்மா. சற்குணத்தை நாம இழந்துட்டோம்னு மிஷன் பெரிய துரையே சொல்லிட்டாங்க" என்றார். நேட்டால் கரும்புத் தோட்டத்து நம் ஜனங்களுக்கு ஊழியம் செய்ய உபதேசியாராகப் போன நீங்கள், இங்கிலீஷ்காரரும் போயர்களும் போடுகிற சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கப் போனீர்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். கார்த்திகைக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஆகவே நம்பிவிட்டேன்.

வேதக்கோயில் மணி அடித்து ஆராதனை நடந்தது. போன வருஷ ஜாதிக் கலகத்திலிருந்து வெளியே வரப் பயந்துகொண்டிருந்த குடும்பங்கள்கூட வந்து பாடின. குருவானவர் உங்களை ஊழியத்தில் உயிர்விட்ட இரத்தசாட்சி என்று பிரசங்கித்தார். நான் வெள்ளைச் சேலை கட்டினேன். தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். உங்கள் அம்மா மட்டும் அழவில்லை. "எம் மவன் உடம்ப நான் பாக்கல. பாக்காம எப்படி ஏட்டி அழ?" என்று கேட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார்.

நேற்று ராஜபாளையத்திலிருந்து சாகுல் ஹமீது அண்ணன் வந்தார். உங்கள் டர்பன் பட்டணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். மகள் நூர்பானுவின் நிக்காஹுக்காகக் கப்பலேறி வந்திருக்கிறார். உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்தவர், என் சேலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன தங்கச்சி இது கோலம்?" என்றார். சொன்னேன். "யா அல்லா! நான் கப்பல் ஏறுததுக்கு முந்தி எங் கடையில வந்து செத்த நேரம் உக்காந்து பேசிட்டுப் போனாவளே! வலது கையில கட்டுப் போட்டிருந்தாவ. மத்தபடி நல்லாத்தான் இருக்காவ" என்றார்.

எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை. குருவானவரிடம் ஓடினேன். "துரை பொய் சொல்லுவாங்களா? அவரு வேற யாரையாவது பாத்திருப்பாரும்மா" என்றார். ஆனாலும் துரைக்கு எழுதிக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். "அப்பா செத்துட்டாவளா இல்லையாம்மா? பள்ளிக்கூடத்துல கேட்டா என்ன சொல்ல?" என்கிறாள் சுகிர்தம். அவளுக்கு நான் என்ன சொல்ல?

பெட்டியைத் திறந்து தாலியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டிக்கொண்ட பிறகு துரை சொன்னதுதான் நிஜம் என்று ஆகிவிட்டால், இன்னொரு தடவை கழற்ற எனக்குப் பலம் கிடையாது. உங்கள் அம்மாதான் அதைப் பிடுங்கி, "திரும்பு ஏட்டி" என்று அதட்டிக் கட்டிவிட்டார். சேலை இன்னும் வெள்ளைதான். பார்க்கிறவர்களுக்கு நான் யாரென்று விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

இதைச் சாகுல் ஹமீது அண்ணனின் டர்பன் கடைக்கு, அதைப் பார்த்துக்கொள்கிற அவர் தம்பி மைதீன் பிச்சையின் பேருக்கு அனுப்புகிறேன். இருக்கிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

கிருபாபாய்


ராஜபாளையம்
1900, ஆகஸ்டு மாதம்

சுகிர்தத்தின் அப்பா அவர்களுக்கு,

உங்களுக்காக மைதீன் பிச்சை எழுதிய கடிதம் கிடைத்தது. இருக்கிறீர்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வலது கை விரல்கள் மடங்குவதில்லை, அதனால்தான் எழுதவில்லை என்று தெரிந்துகொண்டேன். இத்தனை நாள் வேறொருவரைக் கொண்டு எழுதச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் அம்மா கேட்கிறார். நான் கேட்கவில்லை.

அதற்கு முன்பே துரையின் பதில் வந்துவிட்டது. அவர் இழந்துவிட்டோம் என்றது சாவை அல்ல. உங்களை ஊழியத்திலிருந்து நீக்கியதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். உங்களோடு காயம்பட்டவர்களை டோலியில் தூக்கிய முத்துவீரன் குண்டுபட்டுச் சாகும்போது திருவிருந்து கேட்டாராம். வெள்ளைக்காரப் பாதிரியார் நம்மவர்கள் கூடாரத்துக்கு வரவில்லையாம். குருப்பட்டம் பெற்றவர் மட்டுமே கொடுக்க வேண்டிய அப்பத்தையும் ரசத்தையும் பட்டம் பெறாத நீங்களே கொடுத்துவிட்டீர்களாம். மன்னிப்புக் கேட்கச் சொன்னதற்கு, இனியும் ஒருவன் கேட்டால் இனியும் கொடுப்பேன் என்றீர்களாம்.

செத்துப்போனீர்கள் என்றபோது உங்களுக்காகப் பாடிய சபை, உயிரோடிருக்கிறீர்கள் என்றதும் உங்கள் பெயரைச் சொல்லவே கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் பக்கத்துப் பாய் காலியாகவே கிடந்தது. நான் குருவானவரிடம் கேட்டேன், சாகிறவன் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் ஐயா என்று. "எனக்குப் பட்டம் இருக்கேம்மா, நான் குடுப்பேன்" என்றார். பட்டம் இல்லாதிருந்தால் என்று கேட்டேன். அவர் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உங்களை மெச்சிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் அப்பாவும் உபதேசியார்தான். வாந்திபேதி வந்த வருஷம், குருவானவர் வந்து சேருமுன் எத்தனையோ பேர் அப்பாவின் மடியில் செத்தார்கள். அவர் ஜெபம் மட்டும் செய்தார், அப்பத்தைத் தொடவில்லை. நீங்கள் செய்தது சரியென்றால் அப்பா செய்தது என்ன? நினைக்க நினைக்கத் தலை சுற்றுகிறது. ஜெபத்தில் உட்கார்ந்தால் முத்துவீரன் முகம்தான் வருகிறது. அவரை நான் பார்த்ததே இல்லை.

மிஷன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். செய்துவிட்டோம். அன்றைக்குப் பார்த்து ஆண்டாள் தேரோட்டம். வண்டி நகரவில்லை. சட்டிபானையோடு நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தோம். தெரிந்தவர்கள் பார்த்தும் பாராதவர்கள் போலப் போனார்கள். இப்போது ராஜபாளையத்தில் என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் இருக்கிறோம். மதினிதான் பெருமூச்சு விடுகிறாள்.

இனி உங்கள் வார்த்தைக்கு வருகிறேன். கூலிக்காரர் பிள்ளைகளுக்குக் கொட்டகையில் பாடம் சொல்லிக்கொடுப்பதாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். கடைசியில், "அவளுக்கு இஷ்டமிருந்தால் வரட்டும்" என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இது என்ன பேச்சு? வா என்கிறீர்களா, வராதே என்பதை நயமாகச் சொல்கிறீர்களா? சாகுல் ஹமீது அண்ணனிடம் கேட்டேன். "அவிய வெக்கப்படுதாவ தங்கச்சி" என்றார். எதற்கு வெட்கம்? கைக்கா, சபைக்கா, எனக்கா?

அந்தத் தேசத்தில் இறங்க இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும் என்று சட்டமாம். புருஷன் அங்கே இருந்தால் மனைவிக்கு அது வேண்டியதில்லை என்கிறார் சாகுல் ஹமீது அண்ணன். ஆனால் துரைமார் நீக்கிவிட்ட உங்களை அந்தச் சர்க்கார் அங்கே இருக்க விடுமா? ஒன்றும் புரியாததால் தினமும் சுகிர்தத்தின் சிலேட்டில் இங்கிலீஷ் எழுதிப் பழகுகிறேன்.

கார்த்திகையில் சாகுல் ஹமீது அண்ணனும் அவர் மனைவி மெகராஜ் பேகமும் கப்பலேறுகிறார்கள். நானும் பிள்ளையும் அவர்களோடு சாத்தூரில் ரயிலேறுகிறோம். உங்கள் அம்மா கடல் தாண்ட மாட்டாராம். "எம்புட்டு எளச்சிருக்கான்னு பாத்து எழுது, போதும்" என்கிறார்.

இஷ்டம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டீர்கள். உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம், எழுதினாலும் எனக்கு அர்த்தம் விளங்காது. கப்பல் வருகிற அன்று கரையில் வந்து நில்லுங்கள், அது போதும். நான் கும்பலில் உங்களைத் தேடும்படி வைக்காதீர்கள்.

மடங்காத அந்தக் கையைக் கர்த்தர் தம் கையில் பிடித்திருப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் கிருபாபாய்