எங்கள் வீட்டு அமைதி

மதிப்பிற்குரிய ஆய்வு அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். அப்பா எல்லையில் இருந்தபோது ஒவ்வொரு கடிதத்தையும் அப்படித்தான் தொடங்குவேன். இந்தக் கடிதத்தில் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன்.

என்னை நினைவிருக்கிறதா? படைவீரர்களும் அவர்கள் குடும்பங்களும் எப்படி இருக்கிறார்கள் என்று போன வாரம் எங்கள் ராணுவக் குடியிருப்பில் வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனீர்களே, அதில் கடைசி வரிசை, மூலை வீடு. நீங்கள் சாவிக்கொத்தை மேசையில் வைக்கப் போனதும் அம்மா ஓடிவந்து அடியில் துண்டை மடித்து வைத்தாரே, அந்த வீடு. கிளம்பும்போது முகவரி எழுதிய உறையை என்னிடம் கொடுத்து, "ஏதாவது விட்டுப்போச்சுன்னு தோணினா எழுதும்மா, ஆபீஸ்ல யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றீர்கள். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். அம்மாவுக்கு இந்த வாரம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், மன்னியுங்கள்.

நான் சொன்ன ஒரு பதிலைத் திருத்த வேண்டும். "வீட்டில் அமைதி நிலவுகிறதா?" என்று கேட்டீர்கள். எப்போதும், பெரும்பாலும், சில நேரம், இல்லவே இல்லை என்று நான்கு பதில் கொடுத்து ஒன்றைச் சொல்லச் சொன்னீர்கள். நான் "எப்போதும்" என்றேன். நீங்கள் சிரித்துவிட்டு, "இந்த வரிசையில எல்லாரும் இதையேதான் சொல்றீங்க, கொடுத்து வச்சவங்க" என்றீர்கள். "எதக் கேட்டாலும் நல்லா இருக்கோம்னு சொல்லு. வாயத் தொறந்த, அப்பாவுக்கு வேலையும் போகும், இருக்கிற வீடும் போகும்" என்று அம்மா முந்தின நாளே மிரட்டி வைத்திருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பொய் சொல்லவில்லை அக்கா. எங்கள் வீட்டில் சத்தமே கிடையாது. நீங்கள் கேட்டது வேறு அமைதி என்று நீங்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்பா திரும்பி வந்த புதிதில் ஒருநாள் குக்கர் விசிலடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டோடு தரையில் விழுந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டார். அன்றைக்கே குக்கர் பரணுக்குப் போய்விட்டது. எவர்சில்வர் தட்டுகளும் பெட்டிக்குள் போயின. நாற்காலிக் கால்களுக்கு என் பழைய பள்ளிக் காலுறைகளை மாட்டியிருக்கிறோம். அழைப்பு மணியின் கம்பியை அம்மாவே வெட்டினார். எனக்குத் தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். முன்பெல்லாம் அப்பா குளிக்கும்போது பாடுவார். பக்கத்து வீட்டு டிரைவர் மாமா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "யோவ், நீ பாடினா குழாயில வர்ற தண்ணி பயந்து திரும்பிப் போயிடுதுய்யா!" என்று கத்துவார். அப்பா வேண்டுமென்றே இன்னும் உரக்கப் பாடுவார். இப்போது அவர் உள்ளே இருக்கிறாரா என்றே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை இரவு என் ஜாமெட்ரி பாக்ஸ் கைதவறிக் கீழே விழுந்தது. என்ன நடந்தது என்று புரிவதற்குள் நான் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். அப்பா என்மேல் கவிழ்ந்து, என் வாயையும் மூக்கையும் சேர்த்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். "சத்தம் போடாத மீசை, மேலதான் நிக்கிறானுங்க" என்று என் காதில் சொன்னார். மீசை என்பவர் அப்பாவின் சிநேகிதர். எல்லையிலேயே இறந்துபோனவர். அப்பா என்னை அடிக்கவில்லை அக்கா, அதைத் தப்பாக எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் மூச்சு வரவில்லை. அம்மா வந்து விளக்கைப் போட்டு, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

காலையில் என் கன்னத்தில் விரல் தடம் இருந்தது. பள்ளியில் பல்வலி என்று சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா சாமான் அறையைக் காலிசெய்து, கதவின் வெளிப்பக்கத்தில் தாழ்ப்பாள் வைத்துக்கொண்டிருந்தார். சுத்தியலைத் தொடாமல் திருப்புளியால் மட்டும், சத்தம் வராமல் திருகித் திருகி வைத்தார். முடிந்ததும் பூட்டையும் சாவியையும் என் கையில் கொடுத்தார். "ராத்திரி என்னை உள்ள வச்சுப் பூட்டிடு. காலைல நான் குருவின்னு கூப்பிட்டா மட்டும் தொற. வேற என்ன சொன்னாலும், அழுதாலும், அதட்டினாலும் தொறக்காத. இது ஆர்டர்" என்றார். குருவி நான்தான். ஆர்டர் என்று சொன்னபோது சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

வரும் திங்கட்கிழமை அவருக்கு விடுப்பு முடிகிறது. மறுபடி கையில் துப்பாக்கியைக் கொடுப்பார்கள். அங்கே அவரை யார் உள்ளே வைத்துப் பூட்டுவார்கள்? அங்கே எவராவது எதையாவது கீழே போட்டால்? அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவரும் அதையேதான் நினைக்கிறார் என்று அவர் சாப்பிடாமல் எழுந்திருப்பதைப் பார்த்தால் தெரிகிறது.

நேற்று கணக்குப் புத்தகம் வாங்க டிரைவர் மாமா வீட்டுக்குப் போனேன். அவரும் போன மாதம்தான் எல்லையிலிருந்து வந்தார். அவர்கள் வீட்டு நாற்காலிக் கால்களிலும் காலுறை மாட்டியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் மகள் பார்த்துவிட்டாள். புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் பதில்களைப் பார்த்துத்தான் இந்தக் குடியிருப்புக்கு மனநல மருத்துவர் வேண்டுமா என்று முடிவாகும் என்றீர்கள். எல்லா வீட்டிலும் "எப்போதும்" என்று இருந்தால் யாரை அனுப்புவார்கள்? அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள் அக்கா. ஒரு தட்டு கீழே விழுந்தால் உங்கள் வீட்டில் என்ன ஆகும் என்று கேளுங்கள். எங்களை மாதிரிப் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள்.

திங்கட்கிழமைக்குள் ஒரு மருத்துவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். ஜீப்பில் வேண்டாம், நடந்து வாருங்கள். சீருடை போட்டவர் யாரும் கூட வர வேண்டாம். கதவைத் தட்டாமல், அப்பா கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலுக்கு நேரே சற்றுத் தள்ளி நில்லுங்கள். வேலை போகாது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், அது உண்மையாக இருந்தால். அம்மா திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

இதை எழுதும்போதே அந்த அறையில் சத்தம். முதலில் "மீசை, மீசை" என்றார். நான் டார்ச்சை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன். பிறகு "குருவி" என்றார். எழுந்து ஓடினேன். பூட்டில் சாவியை நுழைத்தும் விட்டேன். அப்போது, "குருவி, எங்க இருந்தாலும் சத்தம் போடாம இரு, அப்பா வந்துடறேன்" என்றார்.

அவர் இன்னும் எல்லையிலிருந்து திரும்பவில்லை. சாவியை உருவிக்கொண்டேன். இப்போது கதவுக்கு இந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்கிறது. அவர் சொன்னபடியே சத்தம் போடாமல் இருக்கிறேன்.

சீக்கிரம் வாருங்கள் அக்கா. மெதுவாக வாருங்கள்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
மூலை வீட்டுக் குருவி