எடம் செய்யி

என் மாப்ளே ரெங்கா,

போன எடத்துல சௌக்கியமா இருக்கியா? அங்கயும் மரத்தூளை ஊதிக்கிட்டுத்தான் இருக்கியா, இல்ல காலை நீட்டிச் சும்மா உக்காந்திருக்கியா? நீயாவது, சும்மா இருக்கிறதாவது! அங்க உள்ள கதவு, நிலையெல்லாம் கோணலா இருக்குன்னு யாருகிட்டயாவது சண்டை இழுத்துக்கிட்டு இருப்பே.

முதல்ல சேதியைச் சொல்லிருதேன். ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சரம்மா வீட்டுத் துப்பாக்கிப் பெட்டி முடிஞ்சுருச்சு. நேத்து காலையில கொண்டு போய்ச் சுவத்துல மாட்டிட்டு வந்துட்டேன். நீ ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தப்போ பாதியில நின்ன அதே பெட்டிதான். பூட்டைப் பாத்தா நீ நக்கலடிப்பே, கல்யாணப் பொண்ணு கணக்கா மினுக்குதேன்னு. போலே, பித்தளைன்னா மினுக்கத்தான் செய்யும்.

ஆனா இந்தக் காயிதத்தை அதுக்காக எழுதலை. நீ போன நாள்லேருந்து உன்மேல எனக்கு ஒரு கோவம் இருந்துச்சு. கோவம்னுகூடச் சொல்ல முடியாது, மனத்தாங்கல். வெளிய யாருகிட்டயும் மூச்சு விடலை, உன் பொண்டாட்டி லட்சுமிகிட்டகூட. இப்போ அது தீந்து போச்சு. எப்படித் தீந்துச்சுன்னு உனக்குச் சொல்லணும். நம்ம ரெண்டு பேரையும் தெரிஞ்சவுகளும் கேட்டுக்கிடட்டும்னுதான் நாலு பேரு படிக்கிற மாதிரி எழுதுதேன்.

மில்லுக்குப் பின்னால, அந்தத் தகரக் கூரைக்கு அடியில நாம சேந்து பட்டறை போட்ட புதுசு ஞாபகம் இருக்கா? உனக்கு வீட்டுப் பாஷை தெலுங்கு, எனக்குத் தமிழை விட்டா வேற நாதி கெடையாது. வேலை மும்முரத்துல நீ தெலுங்குல கத்துவே. நான் தேக்குச் சட்டத்தை அறுத்துக்கிட்டு இருக்கேன், நீ ஓடியாந்து ‘ஆகு, ஆகு’ங்கே. சரி, ஆகட்டும்னு சொல்லுதான் போலன்னு நான் இன்னும் வேகமா இழுத்தேன். கோட்டைத் தாண்டி வாள் போயிருச்சு. ஆகுன்னா உங்க பாஷையில நில்லுன்னு அர்த்தமாம்! தலையில கை வச்சு உக்காந்துட்டே. பொறவு ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியலை. அன்னைக்குச் சாயங்காலம் உன் வீட்டுல காப்பி குடிக்கக் கூட்டிட்டுப் போனே. லட்சுமி என்னைப் பாத்து ‘வாங்கண்ணே’ன்னா. அதுலேருந்து நீ எனக்கு மாப்ளே, நான் உனக்கு மச்சான்.

கட்டில், பீரோ, நிலைக்கதவுன்னு ஓடிக்கிட்டிருந்த பட்டறைக்குத் துப்பாக்கிப் பெட்டி வந்ததே உன்னாலதான். செட்டியார்பட்டி சுபேதார் வீட்டுக்கு ஜன்னல் மாட்டப் போனோம். பட்டாளத்துலேருந்து வந்த மனுசன், அவரு அய்யா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கியைச் சுவத்துல ஆணியடிச்சுத் தொங்க விட்டிருந்தாரு. நீ ஜன்னலைப் பாக்கவே இல்லை, துப்பாக்கியையே பாத்துக்கிட்டு நின்னே. ‘அய்யா, இதை ஏன் தூக்குல போட்டிருக்கீக? படுக்க வைக்கலாமே’ன்னு கேட்டே. நான் உன் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன், அந்த மீசைக்கு முன்னால இப்படிப் பேசுதானேன்னு. அவரு ஒரு செத்த நேரம் முறைச்சாரு. பொறவு, ‘சரி, படுக்க வையி பாப்போம்’னாரு.

அப்படித்தான் தொடங்குச்சு. வெளிப்பெட்டி, கண்ணாடி, பூட்டு எல்லாம் என் பாடு. உள்ள துப்பாக்கி படுக்கிற படுக்கை உன் பாடு. கொக்கி கெடையாது, கிளிப்பு கெடையாது. குழல் எந்த வளைவு, தோள்ல வைக்கிற கட்டை எந்த வளைவோ, அதே வளைவுக்குப் பலகையைக் குடைஞ்சு, மேல வெல்வெட்டை ஒட்டி, அதுல துப்பாக்கி தானா அமரணும். அமர்ந்ததும் பலகையோட முதுகுல உள்ளங்கையால ஒரு தட்டு தட்டுவே. காதைச் சாய்ச்சுக் கேப்பே. துளி சத்தம் வந்தாலும் மறுபடியும் உளியை எடுத்துருவே. வந்தவுக எல்லாம் ‘நல்லாத்தானே இருக்கு’ம்பாக. ‘உங்களுக்கு நல்லா இருக்கு, அதுக்கு உறுத்துதே’ம்பே. கடைசியா பேண்டேஜ் துணியை உருட்டி அரக்கு பாலிஷ் போடுறது மட்டும் ரெண்டு பேரும் சேந்து. தெருவுக்குத் தெரு அதையே நெய்யுற நம்ம ஊருல பேண்டேஜ் துணிக்கா பஞ்சம்? நீ பெஞ்சுக்கு இடப்பக்கம், நான் வலப்பக்கம். ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும். அந்த நேரம்தான் மாப்ளே எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

டீச்சரம்மா வீட்டுக்கு அளவெடுக்க நீ தனியாத்தான் போனே. எனக்கு அன்னைக்குச் சங்கரன்கோவில்ல ஒரு கல்யாணம். பிரவுன் தாளுல துப்பாக்கியை வச்சு ஓரம் வரைஞ்சு சுருட்டிக் கொண்டாந்தே. ‘மச்சான், இது வேற மாதிரித் துப்பாக்கிலே, நாளைக்குச் சொல்லுதேன்’னே. மறுநாள் நெஞ்சு வலின்னு படுத்துட்டே. நாளைக்கு, நாளைக்குன்னு அப்படியே மதுரை ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருச்சு.

அந்தக் கடைசி நாளைச் சொல்லணுமா? சொல்லித்தான் ஆகணும். லட்சுமி மருந்து வாங்கக் கீழ போயிருந்தா. கட்டிலைச் சுத்தி நம்ம தெருக்காரங்க நின்னாங்க. நீ கண்ணைத் தொறந்து என்னைத்தான் தேடுனே. குனிஞ்சு காதைக் கிட்டக்க வச்சேன். ‘எடம்... எடம் செய்யி’ன்னே. ஊசி ஏத்தியிருந்த கையைத் தூக்கி ஆட்டுனே. மறுபடியும் ‘மச்சான்... எடம் செய்யி’ன்னே. எடம் விடுன்னு சொல்ல வேண்டியதை இப்படிச் சொல்லுதான், இவன் தமிழ்தான் நமக்குத் தெரியுமேன்னு நெனச்சேன். ‘மூச்சு முட்டுது போல, எல்லாரும் தள்ளுங்க, காத்து வரட்டும்’னு அம்புட்டுப் பேரையும் வெளிய அனுப்புனேன். அப்பவும் நீ என்னைப் பாத்துக் கையை ஆட்டிக்கிட்டேதான் இருந்தே. என்னையும்தான் போகச் சொல்லுதான்னு நானும் வெளிய வந்து வராந்தாவுல உக்காந்துட்டேன். லட்சுமி மருந்தோட படியேறி உள்ள போனா. பொறவு அவ அழுகைச் சத்தம்தான் கேட்டுச்சு.

யோசிச்சுப் பாரு ரெங்கா. இத்தனை வருசம் கூடவே இருந்தவன், கடைசியா என்னைப் பாத்துச் சொன்ன வார்த்தை ‘தள்ளிப் போ’ங்கிறதா? எனக்கு என்ன, ஒட்டுவாரொட்டி நோயா? ஏன் என்னை மட்டும் கிட்டக்க வச்சுக்கிடலை? பட்டறைக்கு வந்து உன் பக்கத்துப் பெஞ்சைப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்கும். பாக்கவே வேண்டாம்னு அந்த இடப்பக்கம் முழுசும் பழைய பலகையை அடுக்கி மூடிட்டேன்.

பெட்டியை மட்டும் விட மனசு வரலை. நீ வரைஞ்ச தாளை விரிச்சு நானே படுக்கையைக் குடைய உக்காந்தேன். வச்சுப் பாக்கத் துப்பாக்கி கெடையாது. எலெக்சன் வந்துட்டதால லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேசன்ல ஒப்படைக்கணும்னு டீச்சரம்மா கொண்டு போய்க் குடுத்துட்டாங்க. மத்த துப்பாக்கிக்கெல்லாம் நீ எப்படிக் குடைவியோ, அதே மாதிரி பின்கட்டையை லேசா வலது பக்கம் சாய்வா விட்டுக் குடைஞ்சேன். வலது தோள்ல வச்சுக் குறி பாக்கிறதுக்கு அப்படித்தானே சாய்ஞ்சிருக்கும்? எனக்கே சபாஷ் போட்டுக்கிட்டேன், பாத்துக்கோ.

எலெக்சன் முடிஞ்சு துப்பாக்கி திரும்பி வந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எடுத்துட்டுப் போனேன். டீச்சரம்மா கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க, கண்ணுலயே அளவெடுத்துருவாங்கன்னு ஒரு பயம் வேற. துப்பாக்கியைப் படுக்கையில வச்சேன். கட்டை பலகையில முட்டுச்சு, குழல் எந்திரிச்சு நின்னுச்சு. குழலை அமுக்குனா கட்டை தூக்குது. கட்டையை அமுக்குனா குழல் தூக்குது. பிள்ளைக ஏறி எறங்கி ஆடுற பலகை மாதிரி ஆடுது. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

‘இது அப்படி உக்காராதுங்க,’ன்னாங்க டீச்சரம்மா. ‘எங்கப்பா இடது கைக்காரரு. செண்பகத்தோப்புப் பக்கம் எங்க மாந்தோப்புல காட்டுப்பன்னி எறங்கும், அதை வெரட்டுறதுக்குன்னு வாங்குனது. அவருக்குத் தக்கன கட்டையை இடது பக்கம் சாய்ச்சுச் செஞ்சது. உங்க கூட்டாளிகிட்ட சொன்னேனே? தடவித் தடவிப் பாத்துக் குழந்தை மாதிரிச் சந்தோசப்பட்டாரே.’

ஏலே, தாளுல ஓரம்தானே வரைய முடியும்? சாய்வு எந்தப் பக்கம்னு தாளு எப்படிச் சொல்லும்? அதை நீ மண்டைக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டியேன்னு உன்னைத் திட்டிக்கிட்டே பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன்.

வர்ற வழியில உன் வீட்டுக்குப் போனேன். லட்சுமி காப்பி குடுத்தா. ‘என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?’ன்னு கேட்டா. நடந்ததைச் சொன்னேன், டீச்சரம்மா அப்பா இடது கைக்காரராம் தங்கச்சி, துப்பாக்கியே அதுக்குத் தக்கன செஞ்சதாம்னு. மூலையில உக்காந்திருந்த உங்க அம்மாவுக்குத்தான் காது மந்தமாச்சே, ‘ஏமி? ஏமி?’ன்னு கேட்டாக. லட்சுமி அவுக பக்கம் திரும்பி, தன் இடது கையைத் தூக்கி ஆட்டி ஆட்டிக் கத்திச் சொன்னா: ‘எடம் செய்யி அத்தா, எடம் செய்யி!’

காப்பியைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சேன்.

‘தங்கச்சி, இப்போ என்ன சொன்னே?’

‘இடது கைன்னு சொன்னேன்ணே. எங்க பாஷையில எடம்னா இடது, செய்யின்னா கை. ஏன்?’

ஊசி எந்தக் கையில ஏத்தியிருந்தாங்கன்னு அப்போதான் கண்ணு முன்னால வந்துச்சு. இடது கை. நீ அந்தக் கையைத்தான்லே எனக்குத் தூக்கித் தூக்கிக் காட்டுனே! போன்னு சொல்லலை. நாளைக்குச் சொல்லுதேன்னு சொன்னியே, அதைச் சொல்லியிருக்கே. அட மடப்பயலே, அது நான்தான். பேப்பர்ல குறுக்கெழுத்துப் போட்டியில ‘இடமிருந்து வலம்’னு தெனம் பாக்குதேன். நம்ம தமிழ்லயே இடம்னா இடதுன்னு இருக்கே! இந்த மரமண்டையில அது ஏறலையே.

ஓன்னு அழுதுட்டேன் மாப்ளே, உங்க அம்மா முன்னாலயே. லட்சுமிக்கு விசயத்தைச் சொன்னதும் அவளுக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. ‘பாத்தீகளாண்ணே, கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை வைக்காம, துப்பாக்கிக்கு வச்சுட்டுப் போயிருக்காரு இந்த மனுசன்!’னு மூக்கைச் சிந்துனா. பொறவு, ‘உங்களைத்தாண்ணே நம்பிச் சொல்லியிருக்காரு’ன்னா. நீ வந்து அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? கனவுலயாவது?

மறுநாளே வேற பலகை எடுத்தேன், அந்த இடிச்ச பள்ளிக்கூடத்துக் கதவுல மிச்சம் இருந்துச்சே, அந்தத் தேக்கு. இந்தத் தடவை இடது பக்கம் சாய்வு விட்டுக் குடைஞ்சேன். உளியை எடுக்கிறப்பெல்லாம் நீ கையை ஆட்டுற மாதிரியே இருந்துச்சு. ஆழம் போதுமா, இன்னுமா? வாய்விட்டே கேட்டேன். பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பாத்துட்டு, யாருகிட்ட பேசுதீகன்னு கேட்டான். என் மாப்ளைகிட்டன்னேன்.

நேத்து டீச்சரம்மா வீட்டுல துப்பாக்கியை வச்சேன். அமர்ந்துச்சு. அவங்க வீட்டு வெள்ளை நாய்கூடக் குரைக்காமப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. பலகை முதுகுல உள்ளங்கையால தட்டிக் காதைச் சாய்ச்சேன். ஒரு சத்தமும் வரலை. டீச்சரம்மா தானும் ஒரு தட்டு தட்டிப் பாத்தாங்க, இடது கையால. அப்பாவைக் கொண்டு அவங்களும் இடது கைக்காரங்கதான் போல.

பட்டறைக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையா, இடப்பக்கம் அடுக்கியிருந்த பலகையை எல்லாம் எடுத்து வெளிய போட்டேன். பெஞ்சைத் தொடைச்சேன். உன் உளி, உன் கொட்டாப்புளி, பாலிஷ் போடுற துணி உருண்டை எல்லாம் எங்கெங்க இருந்துச்சோ அங்கங்கே வச்சேன். அன்னைக்கு நீ சொன்னது புரியாமலே எடம் விட்டு வெளிய போனேன். இன்னைக்குப் புரிஞ்சுக்கிட்டு எடம் செஞ்சிருக்கேன், வந்து பாரு.

லட்சுமிகிட்ட உங்க பாஷையைக் கத்துக்கிட ஆரம்பிச்சிருக்கேன். என் உச்சரிப்பைக் கேட்டு உங்க அம்மா, காது கேக்காத மனுசி, அவுகளே சிரிக்காக. சிரிக்கட்டும். நான் அங்க வாரப்போ நீ எதையும் ரெண்டாந்தடவை சொல்ல வேண்டியிருக்காது, இது சத்தியம். அதுவரைக்கும் இந்த இடப்பக்கத்துல ஒரு மரச்சிராய்கூட வைக்க மாட்டேன்.

நீயும் அங்க எனக்கு ஒரு எடம் பிடிச்சு வையி. வலப்பக்கமாப் பாத்துப் பிடி, இடப்பக்கம் எப்பவும் உன்னோடதுதான்.

உன் தங்கமான பொண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
செல்லையா