ஷீர்லைனும் இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெயும்

இன்று பின்னேரம் உன் காரின் பின்கதவைத் திறந்தேன். முதலில் பெற்றோல் மணம் வந்தது, பிறகு பழைய மரத்தின் மணம். அதற்கும் பின்னால் மெல்ல வந்தது தேங்காய் எண்ணெய் மணம். ஐந்து வருடம் ஆகிவிட்டது. நீ எத்தனை தடவை துடைத்திருப்பாய், எத்தனை விதமான சவர்க்காரம் போட்டுப் பார்த்திருப்பாய். இன்னும் போகவில்லை.

வருகிற சனிக்கிழமை இந்தப் பின் சீற்றில் ஒரு மணமகள் ஏறப்போகிறாள். தமிழ்ப் பிள்ளை. ஓம், சரியாகத்தான் வாசிக்கிறாய். ஓட்டப்போவது யார் தெரியுமா? நான்தான்.  பயம் இல்லை, ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை.

நீ முதன்முதலில் இந்தக் காரைக் கண்ட நாளிலும் இப்படித்தான் இருந்தாய். நாங்கள் இருவரும் மாதா கோயிலில் தமிழ்ப் பூசையில் சந்தித்து, "நீங்கள்" என்று தொடங்கி, ஆறு மாதத்தில் "நீ" என்று இறங்கியிருந்த காலம். இங்கே நியூசிலாந்தில், ஒக்லாந்துத் தமிழ்ப் பெண்களில் பஸ் ஓட்டுகிறவள் நீ ஒருத்திதான். மன்னாரில் அப்பாவின் உழவு இயந்திரத்தில் பழகிய கை என்று சொல்லுவாய். ஒருநாள் வேலை உடுப்போடு என் வீட்டு வாசலில் வந்து நின்று, "வெளிக்கிடு, ஒண்டு காட்டோணும்" என்றாய். அடுப்பில் கறி கிடக்கிறது என்றேன். "கறி நாளைக்கும் கிடக்கும், வா."

பிளொக்ஹவுஸ் பே என்ற கடலோரப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் கராஜ். கதவு மேலே எழும்ப எழும்ப அந்தக் கார் கீழிருந்து மேலாகத் தெரிந்தது. முதலில் தடித்த பம்பர். பிறகு சோற்றுக் கோப்பை அளவில் இரண்டு பெரிய விளக்கு. பிறகு ஒரு வீட்டுக் கூரை போல நேராக வெட்டிய மேற்பாகம். கறுப்பு நிறம், தூசி மூடிக் கிடந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு பிரபுக்களுக்கும் மேயர்மாருக்கும் என்று இங்கிலாந்தில் செய்த கார், பெயர் ஷீர்லைன் என்று நீ ஒரே மூச்சில் சொன்னாய். நாலு லீற்றர், ஆறு சிலிண்டர், இரண்டு தொன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. யாழ்ப்பாணத்தில் பதினொரு பேரை அடைத்துக்கொண்டு சந்தைக்குப் போகுமே சின்னக் கார் ஏ-40, அதைச் செய்த அதே கொம்பனிதான் இதையும் செய்தது. "அது கடைசித் தம்பி. இதுதான் பெரியண்ணை" என்றாய்.

விலை பேசி முடிந்ததும் கிழவி உன்னிடம் ஒன்றுதான் கேட்டாள். ஓட்டப்போவது நீயா, உன் கணவரா என்று. நீ நெஞ்சில் கை வைத்துக் காட்டினாய். "என்னவர் முப்பது வருடம் இதை வைத்திருந்தார். ஒருநாளும் என்னை ஓட்ட விடவில்லை" என்று சொல்லிக் காரின் திறப்பை உன் உள்ளங்கையில் வைத்தாள்.

அன்றைக்கே உன் திட்டம் முழுவதையும் எனக்குச் சொன்னாய். பஸ் வேலையை விடப்போகிறாய். எங்கட பிள்ளைகளின் கலியாணங்களுக்கு இந்தக் காரை ஓட்டப்போகிறாய். தொப்பி, வெள்ளைக் கையுறை, எல்லாம் யோசித்து வைத்திருந்தாய். அகதியாக வந்து இறங்கி, அடுத்தவன் தந்த கட்டிலிலும் போர்வையிலும் வாழ்க்கையைத் தொடங்கிய எங்கட பெட்டைகள், ஒரு நாளாவது ராணி மாதிரி வந்து இறங்கவேண்டும் என்றாய். முதல் கலியாணம் என் தங்கையின் கலியாணம். அதற்குப் பின் இரண்டு குடும்பம் உன்னிடம் நாள் சொல்லி வைத்திருந்தது.

என் சித்தப்பாவை உனக்குத் தெரியும்தானே. ஊர்க்கதை அவர் வாயில்தான் விடியும். "கலியாணக் காரைப் பொம்பிளை ஓட்டுறதோ? நடுறோட்டில நிண்டால் ஆர் தள்ளுறது?" என்றார். நீ சிரித்துக்கொண்டு, "நீங்கள் பின்னால வாங்கோ சித்தப்பா, தள்ள ஆள் வேணும்" என்றாய். வெளியே வந்ததும் உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். இந்த ஒரு கலியாணம் பிழையாய்ப் போனால் மற்ற எல்லாம் பிழையாய்ப் போகும் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதம் நீ அந்த எஞ்சினுக்குள் கிடந்தாய். நான் காருக்குள் இருந்த மரப் பலகைகளுக்குப் பொலிஷ் போட்டேன். எல்லாம் மினுங்கியது, பின் சீற்றின் தோல் மட்டும் வறண்டு வெடித்துக் கிடந்தது. "தோலுக்கெண்டு கிறீம் இருக்கு, சொல்லி வைச்சிருக்கிறன், வரும். அதுவரைக்கும் தொடாதை" என்று சொல்லிவிட்டு நீ வேலைக்குப் போனாய்.

நான் தொட்டேன். உன்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற அவசரம் எனக்கு. வறண்ட தலைக்கு என்ன வைப்போம்? வெடித்த குதிக்காலுக்கு என்ன பூசுவோம்? கிறீச்சிடும் கதவுக்கு என்ன விடுவோம்? பிறந்த நாள் தொட்டு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் அலுமாரியில் இருந்து இரண்டு போத்தல் எடுத்தேன். செப்டெம்பர் குளிரில் கட்டியாக உறைந்திருந்தது. சுடுதண்ணீரில் வைத்து உருக்கி, பழைய பெனியன் துண்டால் தேய்த்தேன். தோல் குடித்த குடி! மணமகளுக்கு முன்னால் சீற்றுக்கு எண்ணெய் வைத்த பெருமை எனக்கு. அடுத்தநாள் குளிரில் எண்ணெய் திரும்பவும் உறைந்து, தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. தையல் இடுக்குகளில் நின்ற வெள்ளையை நகத்தால் கிள்ளி எடுத்தேன். நீ பார்த்துவிட்டு, "தோல் தானாய் வந்திட்டுது போல" என்றாய். நான் சிரித்தேன். மணத்தைக் கேட்டதற்கு, தலைக்கு வைத்தேன் என்று சொன்னேன்.

கலியாணத்தன்று அப்படி ஒரு வெயில். தங்கை வெள்ளைப் பட்டுச் சேலையும் தலையில் நெற் என்ற மெல்லிய வலை முக்காடுமாகப் பின் சீற்றில் இருந்தாள். நெற் கலையக்கூடாது என்று படம் பிடிக்கிறவர் கண்ணாடி எல்லாம் ஏற்றச் சொல்லி, முக்கால் மணித்தியாலம் அவளை உள்ளேயே வைத்து எடுத்தார். பிறகு நீ ஓட்டினாய். என்ன ஓட்டு அது! மேட்டில் கியர் மாற்றியது யாருக்கும் தெரியவில்லை. சந்தியில் நின்ற சமோவாப் பொடியன்கள் கை தட்டினார்கள். சித்தப்பாவின் வான் பின்னால் வந்தது. தள்ள வேண்டிய தேவை வரவில்லை.

கோயில் வாசலில் நீ இறங்கி, கையுறைக் கையால் கதவைத் திறந்தாய். தங்கை இறங்கித் திரும்பினாள். அவள் பின்பக்கம் முழுவதும் எண்ணெய். வெள்ளைப் பட்டில் ஒரு பெரிய மஞ்சள் குளம்.

நீ சீற்றைத் தொட்டாய், விரலை மணந்தாய், என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு பார்வை. அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது உனக்கு. அடுத்த கணம் டிக்கியைத் திறந்து, சில்லு ரியூப் ஒட்டாமல் இருக்கப் போடும் வெள்ளைப் பவுடர்த் தகரத்தை எடுத்தாய். "குனி பிள்ளை" என்று தங்கையைக் கார்க் கதவோடு சாய்த்து, தகரத்தில் பாதியை அவள் சேலையில் கொட்டினாய். உள்ளே ஓர்கன் தொடங்கிவிட்டது. நீ அசையவில்லை. பவுடர் எண்ணெயை உறிஞ்சும்வரை நின்று, தட்டி, திரும்பக் கொட்டி, திரும்பத் தட்டினாய். குளம் நிழலானது. நெற்றை அதன் மேல் இழுத்து விட்டு, "இப்ப போ. நிமிர்ந்து போ" என்றாய். அவள் நிமிர்ந்துதான் போனாள்.

அதற்குள் அம்மாவும் சித்தப்பாவும் ஓடி வந்துவிட்டார்கள். "ஆர் இந்தச் சீற்றுக்கு எண்ணெய் பூசினது?" என்று சித்தப்பா கத்தினார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"நான்தான் பூசினனான்" என்றாய் நீ.

"நான் அப்பவே சொன்னனான், பொம்பிளையளின்ர கையில குடுத்தா இப்பிடித்தான்" என்றார் அவர். நான் திறந்த வாயை மூடினேன். பிறகு உன்னைத் தனியே பிடித்து ஏன் என்று கேட்டதற்கு, "நீ எண்டு தெரிஞ்சால் உன்ர கொம்மா சாகும்வரைக்கும் சொல்லிக் காட்டுவா. எனக்கு ஆர் சொல்லிக் காட்டப் போயினம்?" என்றாய்.

எல்லோரும் சொல்லிக் காட்டினார்கள். நாள் சொல்லி வைத்த இரண்டு குடும்பமும் வேண்டாம் என்றது. நீ பஸ்ஸை விடவில்லை. சனிக்கிழமைகளில் வெள்ளைக்காரருக்கும் சமோவாக்காரருக்கும் ஓட்டினாய், அவர்கள் உன்னைத் தலையில் தூக்கி வைத்தார்கள். ஆனால் ஒருமுறை என்னிடம் சொன்னாய்: "எங்கட பிள்ளை ஒண்டும் ஏறேல்லையடி." நான் தேத்தண்ணி ஊற்றப் போவதாகச் சொல்லி எழும்பிப் போனேன். கோழை நான். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், கோழைதான். நாளைக்குச் சொல்லலாம் என்றே ஐந்து வருடம் போனது. போன ஜூலையில் உன் நெஞ்சு நின்றபோது, சொல்ல இருந்த நாளைகளும் நின்றுவிட்டன.

உன் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் சித்தப்பா வழமைபோலத் தொடங்கினார்: "நல்ல பிள்ளை, அந்த எண்ணெய் விசயம் ஒண்டுதான்…" நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினேன். "எண்ணெய் பூசினது நான். அவள் தொடாதை எண்டு சொன்னவள். நான்தான் பூசினனான்."  "அப்ப அந்தப் பிள்ளையை நாங்கள் சும்மா…" என்ற சித்தப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

அம்மா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னா: "எனக்குத் தெரியும். கோயில் வாசலிலயே மணத்தில தெரியும். அது நான் ஊரில இருந்து எடுப்பிச்ச எண்ணெய்."

பார்த்தாயா, நீ யாருக்குப் பயந்து என்னைக் காப்பாற்றினாயோ, அவவும் உன்னைப் போலவே வாயை மூடிக்கொண்டிருந்தா. அன்றைக்கு வேண்டாம் என்ற குடும்பம் ஒன்றின் இளைய மகள் சாப்பாடு முடிந்ததும் என்னிடம் வந்து, "அன்ரி, இஸ் த கார் ஸ்ரில் தெயர்?" என்று, கார் இன்னும் இருக்கிறதோ எனக் கேட்டாள். சனிக்கிழமை ஏறப்போகிறவள் அவள்தான். உன் கணவர் திறப்பைக் கொண்டுவந்து தந்தார். ஆறு கிழமையாக ஒவ்வொரு பின்னேரமும் ஓட்டிப் பழகுகிறேன். உன் கையுறை எனக்குக் கொஞ்சம் பெரிது.

இன்று ஏன் பின்கதவைத் திறந்தேன் என்று சொல்லவில்லையே. என் கலியாணத்து வெள்ளைச் சேலையை உடுத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடி எல்லாம் ஏற்றினேன். சுடச்சுட அடித்த வெயிலில், ஒரு மணமகள் மாதிரி, முக்கால் மணித்தியாலம் பின் சீற்றில் இருந்தேன். நாயை நடத்திக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். பிறகு இறங்கி, சேலையைத் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு குங்குமப் பொட்டு அளவு எண்ணெய் இருந்தது.

நடுறோட்டில் நின்று சிரித்தேன், அழுதேன். பிறகு சீற்றின் மேல் தடித்த வெள்ளைத் துணி ஒன்றைத் தைத்துப் போட்டேன். உன் பவுடர்த் தகரம் டிக்கியில் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் மிச்சம். அதைத் துடைத்து முன் சீற்றுக்குக் கீழே, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கோயில் வாசலில் என்ன மணம் என்று யாராவது கேட்டால், நான் இந்தமுறை உன்னை முந்திவிடுவேன்.